நோய்க்கு முன் கொடுக்கும் பணமும் நோய்க்குப் பின் கொடுக்கும் பணமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சற்று முன் ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது. வரவு செலவுக் கணக்கில் ‘மருத்துவ உதவி’ என்றொரு தலைப்பு இருந்ததைக் கேட்டீர்கள். அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இருக்கும் நிலைமை நம் அனைவருக்கும் பழக்கமானதே. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும், மருத்துவமனை தந்த செலவு மதிப்பீட்டுக் கடிதத்தோடு ஒருவர் வந்து நிற்பார். அறிவிப்புச் செய்வோம். வாசலில் துண்டு விரிக்கப்படும். கொடுப்பவர்கள் மனமுவந்தே கொடுக்கிறார்கள்; அதில் குறையேதும் இல்லை. ஆயினும் கடிதத்தில் எழுதியிருக்கும் தொகை வேறு, துண்டில் சேரும் தொகை வேறு. இடைவெளியை நிரப்ப முதலில் நகை போகிறது. பிறகு வீட்டு மனையின் பத்திரம் போகிறது. நோயாளி நலம் பெற்று வீடு திரும்பிய பின்னும் அக்குடும்பம் எழுந்திருக்கப் பல ஆண்டுகள் ஆகின்றன.

இது நம்முடைய வறுமையால் மட்டும் நேர்வதா? அப்படியானால் செல்வ நாடுகளில் இந்த அவலம் இருக்கக் கூடாது. ஏழை நாடுகளில் எங்கும் இருக்க வேண்டும். நடப்பு அவ்வாறு இல்லை. உலகிலேயே மருத்துவத்திற்கு அதிகம் செலவிடும் நாட்டில் மருத்துவக் கடனில் மூழ்கிய மக்கள் இருக்கிறார்கள். நம்மைவிடப் பெரிதும் செல்வம் படைத்ததாக இல்லாதிருந்த காலத்திலேயே அந்தக் கடனிலிருந்து தன் மக்களைக் காத்த நாடும் இருக்கிறது. ஆகவே எவ்வளவு பணம் என்பதோடு, அந்தப் பணம் எப்போது, யாரிடமிருந்து, எந்த வழியாக வருகிறது என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வியாகும். அதைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

மருத்துவம் ஏன் மற்றச் சரக்கைப் போன்றதன்று

அரிசி வாங்கச் செல்கிறோம். எத்தனை படி வேண்டும் என்பது நமக்குத் தெரியும். இந்தக் கடையில் விலை கூடுதல் என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். மருத்துவத்தில் இவற்றுள் எதுவும் இயலாது. நெஞ்சு வலியோடு வந்தவர் நான்கு மருத்துவமனைகளில் விலை விசாரிக்க முடியாது. அவருக்கு என்ன தேவை என்பதை அவரே அறியார், மருத்துவரே அறிவார். அதாவது, விற்பவரே வாங்குபவரின் தேவையையும் நிர்ணயிக்கிறார். மேலும், அடுத்த ஆண்டு யாருக்கு நோய் வரும் என்று எவராலும் சொல்ல இயலாது.

1963ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ ஓர் ஆய்வுக் கட்டுரையில் இவற்றை விரிவாக ஆராய்ந்தார். பின்னர் 1972இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். மருத்துவத்தைச் சந்தையிடம் மட்டும் ஒப்படைத்துவிட்டால் அது செம்மையாக நடவாது என்பதற்கு அவர் காட்டிய காரணங்கள் இன்றளவும் இத்துறையின் அடிப்படைப் பாடமாக விளங்குகின்றன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நோய் தனி ஒருவருக்கு எப்போது வரும் என்று தெரியாவிட்டாலும், ஆயிரக்கணக்கான பேரை ஒன்றாக எடுத்துக்கொண்டால் ஓராண்டில் ஏறத்தாழ எத்தனை பேருக்கு வரும் என்று கணக்கிட்டுவிடலாம். ஆகவே, எல்லோரும் நலமாக இருக்கும்போதே சிறிது சிறிதாகப் பொது நிதியில் சேர்த்தால், நோயுற்ற சிலரின் பெருஞ்செலவை அது தாங்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: நலமாக இருப்பவர்களும் அதில் சேர்ந்தாக வேண்டும்.

நம் ஜமாஅத் சந்தாவையே பாருங்கள். சந்தா பாக்கியை எப்போது கட்டுகிறோம்? வீட்டில் நிகாஹ் வைத்து, தஃப்தர் தேவைப்படும்போதுதான் சிலர் ஓடி வருகிறார்கள். அனைவரும் அப்படியே இருந்தால் பள்ளிவாசலின் மின் கட்டணத்தை யார் செலுத்துவது? மருத்துவ நிதியிலும் இதே சிக்கல்தான். நோய் வந்த பின் சேருபவர்கள் மட்டுமே இருந்தால் நிதி கரையும், கரைந்தால் கட்டணம் உயரும், உயர்ந்தால் நலமாக இருப்பவர்கள் விலகுவார்கள், மேலும் கரையும். ஆதலால்தான் இதில் வெற்றி கண்ட நாடுகள் பலவும் ஏதேனும் ஒரு வகையில் இதைக் கட்டாயமாக்கின.

வக்ஃபு மருத்துவமனைகள்

முன்கூட்டியே பணத்தை ஒதுக்கி வைப்பது நமக்குப் புதிதன்று. கி.பி. 1154இல் டமாஸ்கஸில் நூருத்தீன் அமைத்த மருத்துவமனையும், 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மன்சூரி மருத்துவமனையும் வக்ஃபு வருமானத்தால் நடந்தவை. கடைகளும் நிலங்களும் எழுதி வைக்கப்பட்டன. அவற்றின் வாடகையும் விளைச்சலும் மருத்துவருக்கும் மருந்துக்கும் உணவுக்கும் போயின. நோயாளி வாசலில் பணம் எண்ண வேண்டியதில்லை.

இம்முறையின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். ஊரின் தேவை பெருகும்போது வக்ஃபுச் சொத்து தானாகப் பெருகாது. சொத்து நிர்வாகம் சீர்கெட்டால் மருத்துவமனையும் சீர்கெடும். கொடையாளியின் மனத்தையும் பராமரிப்பவரின் நேர்மையையும் நம்பியே அது நின்றது. பிற்காலத்தில் வந்த ஏற்பாடுகள் இந்தக் குறையை வேறு வழிகளில் தீர்க்க முயன்றன.

ஜெர்மனி: ஊதியத்தில் ஒரு பங்கு

1883இல் ஜெர்மனியில், பிஸ்மார்க் தலைமை அமைச்சராக இருந்த காலத்தில், தொழிலாளர் நோய்க் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. தொழிலாளி மூன்றில் இரண்டு பங்கும் முதலாளி மூன்றில் ஒரு பங்கும் செலுத்த வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. பிஸ்மார்க் ஏழைகளின் தோழர் என்று பெயர் பெற்றவர் அல்லர். தொழிலாளர்கள் சோசலிசக் கட்சியின் பக்கம் சாய்ந்துவிடாமல் தடுப்பதும் அவரது நோக்கமாக இருந்தது. நோக்கம் எதுவாயினும் ஏற்பாடு நிலைத்தது. இரண்டு உலகப் போர்களையும் நாட்டின் பிரிவினையையும் கடந்து அது இன்றும் நடக்கிறது.

இன்று மக்களில் பத்தில் ஒன்பது பேர் அளவிற்கு அந்தப் பொதுக் காப்பீட்டு நிதிகளில் இருக்கிறார்கள். அடிப்படை விகிதம் ஊதியத்தில் 14.6 சதவீதம்; தொழிலாளியும் முதலாளியும் சரிபாதியாகப் பகிர்கின்றனர்; இதற்கு மேல் ஒவ்வொரு நிதிக்கும் ஒரு கூடுதல் விகிதம் உண்டு. இதில் நாம் கவனிக்க வேண்டியது, கட்டணம் ஊதியத்தைப் பொறுத்தது என்பதாகும். நீரிழிவு இருப்பதால் ஒருவர் கூடுதலாகக் கட்ட வேண்டியதில்லை. வருமானமற்ற மனைவியும் பிள்ளைகளும் தனிக் கட்டணமின்றியே சேர்ந்துகொள்கிறார்கள்.

டிரெடிகர் ஊரின் சங்கம்

அடுத்து நான் சொல்லப் போவது நம்மைப் போன்ற சிறிய அமைப்புகளுக்கு மிகவும் பயன்படும். பிரிட்டனின் தெற்கு வேல்ஸ் பகுதியில் டிரெடிகர் என்றோர் ஊர். நிலக்கரிச் சுரங்கமும் இரும்பு ஆலையுமே அவ்வூரின் பிழைப்பு. அங்குள்ள தொழிலாளர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு மருத்துவ உதவிச் சங்கத்தை அமைத்தார்கள். வாராவாரம் ஊதியத்திலிருந்து, ஒரு பவுனுக்குச் சில பென்னிகள் என்ற கணக்கில், சங்கத்திற்குப் பிடித்தம் செய்யப்பட்டது. அந்த நிதியில் சங்கமே மருத்துவர்களைச் சம்பளத்திற்கு அமர்த்தியது. நாளடைவில் ஏறத்தாழ ஊர் முழுவதுமே அதன் பாதுகாப்பில் வந்தது.

அவ்வூரில் 1897இல் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் அனைரின் பெவன். 13 வயதிலேயே சுரங்கத்தில் இறங்கியவர்; அந்தச் சங்கத்தின் செயல்பாட்டை அருகிருந்து கண்டவர். சுரங்கத் தூசியால் வந்த நுரையீரல் நோய் அவருடைய தந்தையின் உயிரைப் பறித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவர் பிரிட்டனின் சுகாதார அமைச்சரானார். 1948 ஜூலை 5ஆம் நாள் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. அரசு வரிப்பணத்திலிருந்து செலவிடும். நோயாளி மருத்துவரிடம் பணம் கொடுக்க வேண்டியதில்லை. டிரெடிகர் மக்கள் பெற்றிருந்ததையே நாடு முழுமைக்கும் விரித்ததாக பெவன் கருதினார். ஒரு சிற்றூரின் சந்தாப் புத்தகம் ஒரு நாட்டின் சட்டத்திற்கு முன்மாதிரியானது!

அங்கேயும் குறையில்லாமல் இல்லை. செலவு எதிர்பார்ப்பை மீறியது. பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க 1951இல் அரசு முடிவெடுத்தபோது, அதை எதிர்த்து பெவன் அரசிலிருந்தே விலகினார். அண்மைக் காலத்தில், 2023இல், இங்கிலாந்தில் சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியல் 70 லட்சத்தைத் தாண்டியிருந்தது. பணத்தால் தடை வைக்காத இடத்தில் காலம் தடையாக வந்து நிற்கலாம் என்பதை இது காட்டுகிறது. ஆயினும், சிகிச்சைக்காக வீட்டை விற்றவர் என்ற பேச்சு அந்நாட்டில் அரிதினும் அரிது.

அமெரிக்கா: செலவு மிகுதி, காப்பு குறைவு

அமெரிக்காவில் நிலைமை நேர்மாறானது. இரண்டாம் உலகப் போரின்போது ஊதிய உயர்வுக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. ஊதியத்தை உயர்த்த இயலாத நிறுவனங்கள், ஆட்களை ஈர்க்க மருத்துவக் காப்பீட்டை வழங்கத் தொடங்கின. அந்தப் போர்க்கால ஏற்பாடே அங்கு வேரூன்றிவிட்டது. வேலை போனால் காப்பீடும் போகும். 1965இல் முதியோருக்கும் வறியோருக்கும் அரசுத் திட்டங்கள் வந்தன. 2010இல் மற்றொரு பெரிய சட்டம் வந்தது. அப்படியும் 2023இல் சுமார் 2.6 கோடிப் பேர் எந்தக் காப்பீடும் இன்றி இருந்தனர்.

அவ்வாண்டில் அந்நாட்டு உற்பத்தி மதிப்பில் 17 சதவீதத்திற்கும் மேல் மருத்துவத்திற்குச் சென்றது. ஒருவருக்கு ஆண்டுக்கு 14,000 டாலருக்கும் மேல் ஆகிறது. சராசரி ஆயுளோ 78 ஆண்டுகளைச் சற்றே தாண்டியது. 1961லேயே அனைவரையும் காப்பீட்டில் சேர்த்த ஜப்பானில், இதைவிட மிகக் குறைந்த செலவில், ஆயுள் 84 ஆண்டுகள்.

அமெரிக்கர் அடிக்கடி மருத்துவரிடம் போவதால் இச்செலவு வருவதன்று. ஒவ்வொரு சேவைக்கும் விலை கூடுதல் என்பதே முதன்மையான காரணம். செய்த ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனிக் கட்டணம் என்ற முறை பரவலாக இருப்பதால் சோதனைகள் பெருகுகின்றன. எண்ணற்ற காப்பீட்டு நிறுவனங்களோடு கணக்குப் பார்ப்பதற்கே தனிப் பணியாளர் படை தேவைப்படுகிறது. அதிகம் செலவிடுவதும் நன்றாகச் செலவிடுவதும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தாய்லாந்தின் 30 பாட்

‘ஜெர்மனியும் பிரிட்டனும் பணக்கார நாடுகள், அவற்றோடு நம்மை ஒப்பிடலாமா?’ என்று யாரேனும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆகவே தாய்லாந்தைப் பார்ப்போம்.

1997இல் தாய்லாந்து பெரும் பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தது. அரசு ஊழியர்களுக்கு ஒரு திட்டம், நிறுவனத் தொழிலாளர்களுக்கு ஒரு திட்டம், வறியோருக்கு ஒரு திட்டம் என்று துண்டு துண்டாக இருந்தனவே தவிர, விவசாயிகள், கூலித் தொழிலாளர்கள், சிறு வணிகர்கள் எனக் கோடிக்கும் மேற்பட்டோர் எதிலும் அடங்காமல் வெளியே நின்றார்கள். அந்நாட்டின் மருத்துவச் செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் நேரடியாகத் தம் கையிலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தனர்.

சங்குவான் நித்தயாரம்போங் என்ற மருத்துவர், இளமையில் சிசாகெட் மாகாணத்துக் கிராமப்புற மருத்துவமனையில் பணியாற்றியவர். அனைவருக்கும் ஒரே பாதுகாப்பு என்ற எண்ணத்தைப் பல ஆண்டுகள் சுமந்து, கணக்கிட்டு, அரசியல் கட்சிகளின் வாசல்களுக்கு எடுத்துச் சென்றார். சமூக அமைப்புகள் 50,000க்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டிச் சட்ட வரைவை ஆதரித்தன. 2001 தேர்தலில் வென்ற கட்சி அதைத் தன் வாக்குறுதியாக்கியிருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் ஆறு மாகாணங்களில் தொடங்கிய திட்டம், ஓராண்டிற்குள் நாடு முழுவதும் பரவியது. மருத்துவமனைக்குச் சென்றால் 30 பாட் மட்டும் செலுத்தினால் போதும். அன்றைய மதிப்பில் நம் பணத்தில் முப்பது ரூபாய்க்குச் சற்று மேல். வறியவர்களுக்கு அதுவும் இல்லை.

30 பாட்டில் அறுவைச் சிகிச்சை நடக்குமா? நடக்காது. செலவை ஏற்றது அரசின் வரிப்பணம். அதைப் பங்கிட்ட விதத்தில்தான் திறமை இருக்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறார்களோ, தலைக்கு இவ்வளவு என்று மருத்துவமனைக்கு நிதி சென்றது. 2002இல் அது ஒருவருக்கு ஆண்டுக்கு 1,202 பாட். தேவையற்ற சோதனை எழுதினால் மருத்துவமனைக்கு லாபமில்லை. மக்கள் நலமாக இருந்தாலோ மருத்துவமனைக்கும் நலம். மருத்துவமனைகளை நடத்துவது ஒரு துறை, மக்களின் சார்பில் பணம் கொடுப்பது வேறொரு நிறுவனம் என்று பிரித்தும் வைத்தார்கள். கணக்குக் கேட்பவரும் கணக்குக் கொடுப்பவரும் ஒருவராகவே இருந்தால் கணக்கு எப்படியிருக்கும் என்பது பொதுக்கூட்டத்தில் அமர்ந்திருக்கும் நமக்குத் தெரியாததன்று!

திட்டம் வருமுன்பே அங்கு அடித்தளம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புதிதாகப் பட்டம் பெறும் மருத்துவர்கள் கிராமப்புறத்தில் பணியாற்றும் விதியும், மாவட்டந்தோறும் மருத்துவமனையும், கிராமந்தோறும் சுகாதாரத் தொண்டர்களும் அதற்கு முந்தைய பல ஆண்டுகளில் உருவாகியிருந்தன. கட்டடமும் மருத்துவரும் இல்லாத இடத்தில் காப்பீட்டு அட்டை மட்டும் நோயைத் தீர்க்காது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுக்கவும் இயலவில்லை. எச்.ஐ.வி. மருந்துகள் சில ஆண்டுகள் கழித்தே சேர்ந்தன. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கான சிகிச்சை 2008இல்தான் சேர்ந்தது. அதிலும் செலவைக் கருதி, வீட்டிலேயே வயிற்றின் வழியாகச் செய்துகொள்ளும் முறைக்கே முதலிடம் தந்தார்கள். நோயாளி விரும்பிய முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை 2022இல் வந்தது. ஒரு மருந்தைச் சேர்த்தால் எத்தனை பேருக்கு எத்தனை ஆண்டு பயன், எவ்வளவு செலவு என்று ஆராய்வதற்கென்றே தனி அமைப்பும் நிறுவினார்கள். நெரிசலும் மருத்துவர்களின் பணிச்சுமையும் அங்கு இன்றும் குறைகளாகப் பேசப்படுகின்றன. ஆனால் மக்கள் கையிலிருந்து நேரடியாகக் கொடுக்கும் பங்கு சுமார் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. 2006லும் 2014லும் இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது; திட்டத்தைக் கவிழ்க்கவில்லை. மருத்துவர் சங்குவான் 2008இல் காலமானார். அவர் நட்டது நிற்கிறது.

நம் நாட்டின் நிலை

நம் நாட்டில் எண்ணம் இல்லாமற்போகவில்லை. விடுதலைக்கு முன்பே, 1946இல், போர் குழு தன் அறிக்கையில், பணமில்லை என்ற காரணத்தால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்று வலியுறுத்தியது. நிதிதான் பின்தங்கியது. 2013-14இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 64 சதவீதம் மக்களின் கையிலிருந்தே போனது. அரசு செலவு கூடக்கூட அந்தப் பங்கு குறைந்து, 2021-22 கணக்கின்படி 39 சதவீதமாகியுள்ளது. முன்னேற்றம்தான், எனினும் தாய்லாந்து தன் திட்டத்தைத் தொடங்கியபோது இருந்த நிலையைக்கூட நாம் அந்தக் கணக்கில் எட்டவில்லை. 2025க்குள் உற்பத்தி மதிப்பில் 2.5 சதவீதத்தை அரசுகள் சுகாதாரத்திற்குச் செலவிட வேண்டும் என்று 2017இன் தேசியக் கொள்கை இலக்கு வைத்தது. 2021-22இல் செலவிடப்பட்டது 1.84 சதவீதம்.

தமிழகம் இதில் சில நல்ல காரியங்களைச் செய்துள்ளது. 1994இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக வாங்கி விலையைக் குறைத்தது. வேறு மாநிலங்களும் அவ்வழியைப் பின்பற்றின. 2009 முதல் மாநில அரசின் காப்பீட்டுத் திட்டமும், 2018 முதல் மத்திய அரசின் திட்டமும் பெரிய சிகிச்சைகளுக்கு உதவுகின்றன. ஆனால் இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் மருத்துவமனையில் படுக்கை எடுத்த பின்பே உதவுகின்றன. மக்கள் கையிலிருந்து போகும் பணத்தில் பெரும்பகுதியோ மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கும் வெளிநோயாளிச் செலவுக்கும் போகிறது. சர்க்கரை மாத்திரையை விலை கருதி நிறுத்தியவர், சில ஆண்டுகளில் சிறுநீரகச் சிகிச்சைக்கான கடிதத்தோடு நம் பள்ளிவாசல் வாசலில் நிற்கும் நிலை இப்படித்தான் உருவாகிறது.

ஜமாஅத் செய்யக்கூடியது

ஒரு கணக்கைப் பாருங்கள். 400 வீடுகள் உள்ள ஒரு மஹல்லாவில் வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் என்று வைத்தால், ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் சேரும். தனியார் மருத்துவமனையில் ஒரேயொரு இதய அறுவைச் சிகிச்சை அதை முழுவதுமாக விழுங்கிவிடும். சிறிய பாத்திரம் பெரிய மழையைத் தாங்காது. பெருநோயின் பொருட்செலவைத் தாங்க அரசு போன்ற பெரிய பாத்திரமே வேண்டும். ஆகவே, அரசு மருத்துவமனை சிறக்க வேண்டும், நிதி கூட வேண்டும் என்று கேட்பது நம் குடிமக்கள் கடமை. அது ‘ஏழைகளின் ஆஸ்பத்திரி’ என்று ஒதுங்கிப் போகிற வசதி படைத்தவர்களும் அதன் நலனில் அக்கறை காட்ட வேண்டும்.

ஆயின் சிறிய பாத்திரத்திற்கும் வேலை உண்டு. மூன்று காரியங்களை நிர்வாகத்தின் முன் வைக்கிறேன்.

முதலாவது, தகுதியுள்ள ஒவ்வொரு குடும்பமும் அரசு காப்பீட்டு அட்டை பெற்றிருக்கிறதா என்று இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று பார்க்க வேண்டும். நோய் வந்த பின் வருமானச் சான்றுக்கு அலைவது பெருந்துன்பம். தனியார் காப்பீடு பற்றிய மார்க்கச் சட்ட விவாதத்தை இங்கு நான் எடுக்கவில்லை. அது தனியே பேச வேண்டியது. அரசு தானே செலவை ஏற்கும் திட்டத்திற்கு அந்தத் தயக்கம் வேண்டியதில்லை.

இரண்டாவது, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மாதம் ஒருமுறை நம் மதரஸா கூடத்தில் பரிசோதனை நடத்தி, தேவைப்படுவோரை அங்கே அனுப்பலாம். நடக்க இயலாத முதியோருக்கு வாங்கி வந்து கொடுக்கலாம்.

மூன்றாவது, துண்டு விரிப்பதற்கு முன்பே ஒரு மருத்துவ நிதி. எல்லா வீடும், தம் வசதிக்கேற்ப, மாதந்தோறும். அறுவைச் சிகிச்சைக்கு அன்று; அட்டை தராத செலவுகளுக்கு: போக்குவரத்துக்கு, துணைக்கு இருப்பவரின் உணவுக்கு, நின்றுபோன கூலிக்கு. அதன் கணக்கு ஆண்டறிக்கையில் தனித் தலைப்பில் வர வேண்டும். பெற்றவரின் பெயர் வர வேண்டியதில்லை. துண்டின் முன்னால் நிற்கும்போது குனிகிற தலை, நிதியில் தானும் பங்கு கொடுத்தவராக வரும்போது குனியாது.

டிரெடிகர் ஊரில் சில பென்னிகளைக் கொடுத்த தொழிலாளர்களுக்குத் தங்கள் சந்தா எங்கே போய் முடியும் என்று தெரிந்திருக்காது. நாமும் நம் அளவில் தொடங்குவோம். அடுத்த ஆண்டு அறிக்கை வாசிக்கப்படும்போது ‘மருத்துவ உதவி’ என்ற தலைப்பின் பக்கத்தில் ‘மருத்துவ நிதி’ என்றொரு தலைப்பும் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். நோயுற்றிருப்போர் அனைவருக்கும் அல்லாஹ் முழு நலம் தருவானாக. வஸ்ஸலாம்.